செருப்பு விடும் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர்

ஜூன் 9, 2025, திங்கள்

வைரம் டிஜிட்டல்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. மூன்று கடை, பத்தொன்பது கம்ப்யூட்டர். வைரஸும் திருடனும் உள்ளே புகாமல் ஓராண்டுக்கு அத்தனையும் என் காவலில். சமயநல்லூரில் தலைமைக் கடையும் அச்சடிக்கும் மெஷினும் இருக்கின்றன; செல்லூரிலும் உசிலம்பட்டியிலும் கிளைகள். கல்யாணம், காதுகுத்து, சாவு, எதற்கு ப்ளெக்ஸ் வேண்டுமென்றாலும் இந்தப் பக்கத்துப் பாதி ஜனம் இவர்களிடம்தான் போகும்.

முதலாளி ஜெயபாண்டி அண்ணன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இழுத்தார். "ஏம்மா பாண்டிமீனா, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எண்ட்பாயிண்ட் காவல், அது இதுன்ற. ஆன்டிவைரஸ்தான? என் மச்சினன் சும்மாவே போட்டுத் தாரேன்றான்."

"உங்க மச்சினன் போட்டதுதாண்ணே இப்ப உள்ள ஓடிக்கிட்டு இருக்கு. அதுவே பாதி வைரஸு."

சிரித்துவிட்டார். சிரித்தவர் கையெழுத்துப் போடாமல் போனதில்லை, இது என் பத்து வருஷ அனுபவம்.

ஜூன் 11, புதன்

உசிலம்பட்டி கடையைப் பார்த்துவிட்டு வந்தேன். டிசைன் அறைக்கு ஏ.சி. போட்டிருக்கிறார்கள். கதவில் 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. எல்லோரும் பயபக்தியோடு கழற்றுகிறார்கள். நானும் கழற்றினேன்.

உள்ளே போனால் மேஜையில் ஒரு ஊறுகாய் டப்பா நிறைய பென்டிரைவ். எண்ணினேன், நாற்பத்து மூன்று. படம் கொடுக்க வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனவை. ஒவ்வொன்றும் எத்தனை கம்ப்யூட்டரில் படுத்துப் புரண்டு வந்ததோ! அத்தனையும் ஒரு கேள்வி இல்லாமல் உள்ளே செருகப்பட்டிருக்கின்றன. காலில் வரும் தூசிக்கு வாசலில் தடை, கையில் வரும் தூசிக்கு ராஜமரியாதை.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது மானிட்டர் மேலேயே ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறது. கேட்டதற்கு, "மறந்துருமே மேடம்" என்றார் காளை அண்ணன்.

காளை அண்ணன்தான் அங்கே மூத்த டிசைனர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். "இருவது வருசமா இங்கன ஒண்ணும் ஆகல மேடம்" என்றார்.

"ஒண்ணும் ஆகலயா, ஆனது தெரியலயாண்ணே?"

அவர் மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாய் இருக்கிறதே!

ஆனால் கிளம்பும்போது அவராகவே ஒன்றைக் காட்டினார். 'பழைய படம்' என்று ஒரு ஃபோல்டர். இருப்பது சமயநல்லூர் கம்ப்யூட்டரில். மூன்று கடையிலிருந்தும் திறக்கலாம். உள்ளே ஊர் ஊராகப் பிரித்து, ப்ளெக்ஸுக்கு வந்த ஒவ்வொருவர் முகத்தையும் வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, பெயர் போட்டு வைத்திருக்கிறார். "ஆளு போயிட்டா இங்கதான் வருவாய்ங்க மேடம். வீட்ல ரேசன் கார்டு படம் மட்டுந்தான் இருக்கும். காதுகுத்துல மாமன் வரிசையில சிரிச்சுக்கிட்டு நின்ன படம் நம்மட்ட இருக்கும்ல."

அது எனக்குத் தெரியாது. பத்தொன்பது கம்ப்யூட்டரில் நான் காக்க வேண்டியது எது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூன் 16, திங்கள்

மூன்று கடையிலும் காவல் மென்பொருள் ஏற்றி முடித்தாயிற்று. இனி செல்லூரில் என் அறையில் உட்கார்ந்தபடி பத்தொன்பதையும் ஒரே திரையில் பார்க்கலாம். கீழே விசைத்தறி ஓடுகிற சத்தம், மேலே என் ராஜ்ஜியம்.

பென்டிரைவுக்கு முழுத்தடை. யார் செருகினாலும் திறக்காது. படம் வேண்டுமா, மெயிலில் அனுப்பு, வாட்ஸப்பில் அனுப்பு. அவசரத்துக்குக் காவலை நிறுத்துகிற ரகசிய எண்ணை உறையில் போட்டு முதலாளியிடம் மட்டும் கொடுத்திருக்கிறேன். ஊறுகாய் டப்பாவை நானே தூக்கி அலமாரி மேல் வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

காளை அண்ணன் வணக்கம் சொல்லவில்லை. பரவாயில்லை.

ஜூன் 29, ஞாயிறு

உத்தப்பநாயக்கனூர் போயிருந்தோம், மலையாண்டி பெரியப்பாவைப் பார்க்க. மூச்சு வாங்குகிறது; வாய் மட்டும் குறையவில்லை. "வாடி காவக்காரி! கம்ப்யூட்டர எவனாச்சும் கழட்டிக்கிட்டுப் போயிட்டானா?"

"கழட்ட மாட்டாய்ங்க பெரியப்பா. உள்ள புகுந்து பூட்டு போட்டுட்டு, சாவிக்குக் காசு கேப்பாய்ங்க."

"நம்ம வீட்ட நம்மளுக்கே பூட்டுவானா?" ரொம்ப நேரம் யோசித்தார். "அப்ப கெட்டிக்காரன்தான்" என்றார். திருடன் பக்கம் சாய்ந்துவிட்டார், மனுஷன்.

போனில் ஒரு படம் எடுக்கலாம் என்று தூக்கினேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

ஜூலை 3, வியாழன்

காவல் மென்பொருள் ஒரு நாளைக்கு இருநூறு எச்சரிக்கை அனுப்புகிறது. இவர் இதைத் திறந்தார், அவர் அதை மூடினார், இன்னார் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார்... புதுமருமகள் மாதிரி எல்லாவற்றையும் சொல்கிறது. சில்லறை எச்சரிக்கைகள் எல்லாம் 'அப்புறம் பார்க்க' என்ற அறைக்குத் தானாகப் போகும்படி செய்துவிட்டேன். பெரிய விஷயம் மட்டும் என் போனுக்கு வரும். எது பெரிசு என்று எனக்குத் தெரியாதா?

ஜூலை 15, செவ்வாய்

காளை அண்ணன் போன். பென்டிரைவை ஒரே ஒரு தடவை திறந்துவிட முடியுமா என்றார். எழுமலையில் ஒரு சாவு, ஆள்கள் படத்தோடு வந்து நிற்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ் வேண்டும்.

"மெயில்ல அனுப்பச் சொல்லுங்கண்ணே."

"சரி மேடம்" என்றார்.

ஒரு மாதத்தில் ஆளே மாறிவிட்டார். கண்டிப்பாக இருந்தால் எவரும் பழகிவிடுவார்கள்.

ஜூலை 27, ஞாயிறு

'பழைய படம்' ஃபோல்டரை முழுசாக ஒரு தனி டிஸ்கில் நகல் எடுத்தேன். எடுத்து, வயரைக் கழற்றி, வீட்டு பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தேன். எதனோடும் இணைப்பு இல்லாத நகலை எவனாலும் தொட முடியாது.

"பீரோவுக்கு என்ன ஆன்டிவைரஸ்?" என்கிறார் விக்ரம். கட்டிய புருஷன் இல்லை என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்திருப்பேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போச்சு.

காலை ஒன்பதரைக்கு என் திரை சிவப்பாச்சு. உசிலம்பட்டியில காளை அண்ணன் கம்ப்யூட்டர் — எல்லா ஃபைலும் பூட்டியாச்சு. நடுவுல இங்கிலீஷ்ல மிரட்டல், பணம் கட்டுனா சாவி தாரோம்னு. அந்த ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் காவல் நின்னுருக்கு. எப்படி நிக்கும்? நான்ல போட்டேன்? அங்கன இருந்து நெட்வொர்க் வழியா சமயநல்லூருக்குப் போயி 'பழைய படம்' உள்ள புகுந்துருச்சு.

அங்கே இருந்த காவல் கண்டுபிடித்து, இணைப்பைத் தானே அறுத்திருக்கிறது. ஆனால் அதற்குள் அய்யனார்குளம், உத்தப்பநாயக்கனூர், எழுமலை மூன்று ஊர்ப் படங்களும் போய், கருமாத்தூர் பாதியில் நின்றிருக்கிறது. மற்ற ஊர்கள் பிழைத்தன. மற்ற பதினெட்டுக் கம்ப்யூட்டரும் பிழைத்தன. என் காவல் வேலை செய்தது. செய்தது என்று நூறு தடவை சொல்லிக்கொள்கிறேன்.

ஆவணி பிறக்க ஐந்து நாள்தான். அந்தக் கம்ப்யூட்டரில் ஆவணி முகூர்த்தங்களுக்கான டிசைன் முப்பத்தொன்று இருந்தன.

"குடுத்துத் தொலைச்சிரலாமா?" என்றார் முதலாளி.

"குடுத்தா தெறப்பாய்ங்கன்னு யாருண்ணே சொன்னது? நகல் இருக்கு. நான் மீட்டுத் தாரேன்."

"ஆவணி ஒண்ணாந்தேதி கடை ஓடணும். ஓடலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சைபர் கிரைமில் புகார் பதிந்துவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 13, புதன்

காவல் ஏன் நின்றது என்று பதிவுகளைத் தோண்டினேன். என்னுடைய மென்பொருள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது.

ஜூலை 15: காவல் நிறுத்தம் 11.40. மறுபடி ஓட்டம் 11.52. ஜூலை 18: நிறுத்தம், பத்து நிமிஷத்தில் ஓட்டம். ஜூலை 19. ஜூலை 22... மொத்தம் பதினான்கு தடவை. ரகசிய எண் போட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். முதலாளியைக் கேட்டேன். "காளை சும்மா கேக்கலம்மா, சாவுக்குன்னு கேட்டான். சாவுக்குக் கேக்குறப்ப எப்பிடி மாட்டேன்றது?" என்றார்.

அச்சடித்த பட்டியலோடு தேதிகளைச் சேர்த்துப் பார்த்தேன். பதினான்கும் கண்ணீர் அஞ்சலி. ஒரு கல்யாணத்துக்குக்கூட, ஒரு காதுகுத்துக்குக்கூட நிறுத்தவில்லை. பதின்மூன்று தடவை, வேலை முடிந்த கையோடு திரும்ப ஓட விட்டிருக்கிறார்.

பதினாலாவது, ஆகஸ்ட் 11 சாயங்காலம் 4.15. நிறுத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அது பால்பாண்டி என்பவருடைய சாவு. லாரி டிரைவர், காளை அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர். ப்ளெக்ஸ் வந்ததும் அண்ணனே தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார். அப்படியே போனவர் அன்றைக்குக் கடைக்குத் திரும்பவில்லை.

அவரைக் கிழி கிழியென்று கிழிக்கலாம் என்று கிளம்பினேன். கிளம்பும் முன் ஒரு சந்தேகம் — காவல் நின்றால் எனக்கு எச்சரிக்கை வர வேண்டுமே?

வந்திருக்கிறது. பதினான்கு தடவையும் வந்திருக்கிறது. சரியான எண் போட்டு நிறுத்தியதால் சில்லறைக் கணக்கில் சேர்ந்து, 'அப்புறம் பார்க்க' அறையில் வரிசையாக, திறக்காமல், உட்கார்ந்திருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். என் நோட்டில் நானே பொய் சொல்லி என்ன கிடைக்கப் போகிறது?

ஆகஸ்ட் 14, வியாழன்

முதல் வேலையாக முதலாளியிடம் சொன்னேன், எச்சரிக்கை எனக்கு வந்தது, நான்தான் பார்க்கவில்லை என்று. அவர் காதைச் சொறிந்தார். "கடை தெறக்கட்டும். அப்புறம் பேசுவோம்" என்றார்.

அப்புறம் உசிலம்பட்டி. காளை அண்ணன் முகம் செத்துக் கிடந்தது. ஆனாலும் வாய் திறந்தார்.

"நான் செஞ்சது தப்புதான் மேடம். ஆனா சாவு வீட்ல இருந்து அழுது வந்து நிக்கிறவன்ட்ட, பென்டிரைவ் வாங்க மாட்டேன், மெயில் அனுப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க இன்னைக்கு இங்கன உக்காருங்க. யாராச்சும் வருவாய்ங்க. நீங்க சொல்லிப் பாருங்க."

"சொல்றேன்" என்றேன். உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்கு ஒரு அம்மா வந்தார். முத்துத்தாய், பால்பாண்டியின் அக்கா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலை முந்தானையைக் கையில் பிடித்தபடி நின்றார். தம்பியின் போன் விபத்திலேயே நொறுங்கிவிட்டதாம். ப்ளெக்ஸுக்குக் கொடுத்த அந்தப் படம்தான் இருக்கிற ஒரே நல்ல படம். சட்டம் போட்டு வீட்டில் மாட்ட வேண்டும். "அந்தப் படத்த மட்டும் குடுத்துருங்க சாமி."

அது பூட்டிக் கிடக்கிறது. நான் என்ன சொல்வது? நகல் ஜூலை மாசத்தது, அதில் உங்கள் தம்பி இல்லை என்றா? மெயில் அனுப்புங்கள் என்றா? எனக்கும் வாய் வரவில்லை. காளை அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் ஜெயித்த களை இல்லை, அதுதான் ரொம்பச் சுட்டது.

"பென்டிரைவ் எங்கம்மா?"

"இங்கதான குடுத்தாய்ங்க. திரும்ப வாங்கலையே."

ஊறுகாய் டப்பா! அலமாரி மேலிருந்து இறங்கி எப்போதோ மேஜைக்கு வந்துவிட்டிருந்தது. மேலாக ஒரு கறுப்பு பென்டிரைவ், லாரி கம்பெனிப் பெயர் ஒட்டியது. என் பையில் ஒரு கிழட்டு லேப்டாப் உண்டு, எதனோடும் சேராதது, சந்தேகப்பட்ட சரக்கைத் திறப்பதற்கென்றே வைத்திருப்பது. ஏ.சி. அறைக்குள் வேண்டாம் என்று அதை வெளியே எடுத்துப் போய், செருப்பு ரேக் மேல் வைத்துத் திறந்தேன். வந்த வியாதி உள்ளேயே இருந்தது. அதன் பக்கத்திலேயே பால்பாண்டியும் இருந்தார், லாரிக் கதவில் சாய்ந்து, சட்டை மேல் பொத்தான் திறந்து, சிரித்துக்கொண்டு.

படத்தை மட்டும் உருவி, புதிதாகச் சேமித்துக் கொடுத்தோம். காளை அண்ணன் அங்கேயே இருந்த போட்டோ பிரிண்டரில் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தார். அந்த அம்மா படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டார்.

கடையைச் சாய்த்தது அந்த பென்டிரைவ்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. காளை அண்ணனும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அண்ணன் செருப்பு ரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், இத இங்கனயே வச்சிட்டா என்ன?"

"எத?"

"இந்த மாதிரி ஒரு கம்ப்யூட்டர. உள்ளதோட சேராம. பென்டிரைவ இங்கன வாங்குவோம், படத்த இங்கன எடுப்போம், சுத்தமானத மட்டும் உள்ள கொண்டு போவோம். செருப்ப விட்டுட்டு வாராய்ங்கள்ல, அதுமாதிரி இதையும் விட்டுட்டு வரட்டும்."

பத்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தடை போடத் தெரிந்த எனக்கு வழி விடத் தோன்றவில்லை. நான் கதவை அடைத்தேன். இவர்கள் சாவு வந்தபோதெல்லாம் பின்பக்கமாகத் திறந்துகொண்டார்கள். வேறென்ன செய்வார்கள்?

"அண்ணே, இது எனக்குத் தோணியிருக்கணும்" என்றேன். வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சோறு இறங்கியது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறார்கள். நான் பீரோவில் பட்டுச்சேலையைத் தூக்கினேன்.

டிஸ்கைச் சமயநல்லூர் கடைக்குக் கொண்டுபோய், காளை அண்ணன் பக்கத்தில் நிற்க, வயரை மாட்டினேன். அய்யனார்குளம் திறந்தது. எழுமலை திறந்தது. உத்தப்பநாயக்கனூர் திறந்தது. கருமாத்தூர் கடைசிப் படம் வரைக்கும் திறந்தது. காளை அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இவர் இருக்காரு... இந்தம்மா இருக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதிப் பேர் உயிரோடு இல்லாதவர்கள்.

ஜூலை 27க்குப் பிறகு வந்தவை மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி ஒன்று

கடை ஓடுகிறது. முப்பத்தொரு டிசைனுக்கும் காளை அண்ணன் வீடு வீடாகப் போன் அடித்துப் படம் வாங்கித் திரும்பச் செய்துவிட்டார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

மூன்று கடை வாசலிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர், நெட்வொர்க் இல்லாமல். வந்த பென்டிரைவ் அதைத் தாண்டாது. அங்கிருந்து படத்தை உள்ளே கொண்டுபோக மஞ்சள் பென்டிரைவ், கடைக்கு ஒன்று. உள்ளே இருப்பவை அதை மட்டும்தான் ஏற்கும். அதுவும் அலசிப் பார்த்துவிட்டுத்தான். காவலை நிறுத்தும் எண் இப்போது முதலாளியிடமும் இல்லை. 'அப்புறம் பார்க்க' அறையை இடித்துவிட்டேன். காவல் ஒரு நிமிஷம் நின்றாலும் என் போன் அலறும், விக்ரம் போனும் சேர்ந்து அலறும்.

ஒப்பந்தம் பற்றி முதலாளியிடம் நானே கேட்டேன். "வந்தப்பயே வாயத் தெறந்து ஒத்துக்கிட்டேல்ல. வேற எவனும் ஒத்துக்க மாட்டான். இரு" என்றார்.

செப்டம்பர் 24, புதன்

வாசல் கம்ப்யூட்டர்கள் இதுவரை பதினாறு வியாதியைப் பிடித்திருக்கின்றன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. காளை அண்ணன் கணக்கு வைத்திருக்கிறார், பிடித்தது அவர் மாதிரி. இருக்கட்டும்.

அவருக்கு 'மேடமாக' இருந்த நான் எப்போது 'தங்கச்சி' ஆனேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

மூன்று நாளாக எழுதவில்லை. மலையாண்டி பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டார்.

எட்டு மணிக்குச் செய்தி வந்தது. விக்ரம் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே போனேன். வீட்டில் அவர் படம் என்று ஒன்றுமில்லை. சித்தி மகன் எப்போதோ மறைந்திருந்து எடுத்த ஒரு மங்கல் படத்தை ஒரு பென்டிரைவில் போட்டுக் கையில் திணித்தான். உசிலம்பட்டிக்கு ஓடினேன். ஞாயிறானாலும் சாவுக்குக் கடை உண்டு.

நேரே ஏ.சி. அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். காளை அண்ணன் எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"தங்கச்சி, செருப்பு" என்றார் மெதுவாக.

குனிந்து பார்த்தேன். செருப்போடுதான் நின்றேன். வெளியே போய்க் கழற்றினேன். திரும்பியபோது அவர் வாசலில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அதையும்."

பென்டிரைவ் என் உள்ளங்கையில் வேர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் உண்டாக்கிய சட்டம். எனக்கு ஒரு நொடி கோபம்கூட வந்தது — எங்க பெரியப்பாண்ணே, அஞ்சு நிமிசம்ணே என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. பெரியப்பா பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லி, அதைக் கொடுத்தேன்.

அவர் அதை வாசல் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "இது வேணாம் தங்கச்சி, முகமே தெரியல. நம்மட்ட நல்ல படம் இருக்கு. பேத்தி காதுகுத்துக்கு வந்துருந்தாருல்ல?"

உத்தப்பநாயக்கனூர் ஃபோல்டரைத் திறந்தார். ஆகஸ்டில் பூட்டிக் கிடந்தது, என் பீரோவிலிருந்து திரும்பி வந்தது. மாமன் வரிசையில், துண்டு தோளில் கிடக்க, யார் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் பெரியப்பா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வெளிச்சம் சரிசெய்யும்வரை நான் செருப்பு ரேக் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பென்டிரைவை மறந்து அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஊறுகாய் டப்பாவில் இருக்குமாம், இன்று போன் பண்ணிச் சொன்னார்.